2000 சுற்றைத் தாண்டினால் எஞ்சின் கொதிக்கிறது: மூன்று பாகங்களை மாற்றியும் தீரவில்லை

வெள்ளலை எழுதியது:

நான்கு சிலிண்டர் டீசல் இன்போர்டு (படகுக்குள்ளேயே பொருத்திய எஞ்சின்). உள்ளே கூலன்ட் சுற்றுகிறது. அதை வெப்பமாற்றியில் கடல்நீர் குளிர்விக்கிறது. அந்தக் கடல்நீரே கடைசியில் புகையோடு கலந்து படகின் பின்புறம் வெளியேறுகிறது. உச்ச வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்று. படகை வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

1200 சுற்றில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் முள் 82 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. 2000-க்கு ஏற்றினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 90, பிறகு 96, அதன்பின் எச்சரிக்கை மணி. வேகத்தைக் குறைத்தால் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறது.

இதுவரை மாற்றியவை: கடல்நீர் பம்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரம்), தெர்மோஸ்டாட், கூலன்ட் தொட்டியின் அழுத்த மூடி. எதனாலும் பலன் இல்லை. அடுத்து சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. போன ஞாயிறு மனைவியும் பிள்ளைகளும் படகில் இருந்தபோது முகத்துவாரத்தில் மணி அடித்தது. எதிர்நீரோட்டம். வேகத்தைக் கூட்டவும் முடியவில்லை, எஞ்சினை நிறுத்தவும் முடியவில்லை. அந்த இருபது நிமிடத்தை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது. வழி சொல்லுங்கள்.

ஆழ்நீர் எழுதியது:

ஹெட்டை இப்போதைக்குத் தொட வேண்டாம். பாதி விடை நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. சுமை இல்லாதபோது நலம், சுமை ஏறினால் சூடு, சுமை இறங்கினால் உடனே தணிவு. அதாவது, வெப்பம் வெளியேறும் வழி குறுகியிருக்கிறது, ஆனால் முழுதாக அடைபடவில்லை. பம்ப் அடியோடு நின்றிருந்தால் 1200-லேயே கொதித்திருக்கும்.

ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டின் (கசிவைத் தடுக்கும் தகடு) நிலையைக் கழற்றாமலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். காலையில் எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தேங்கியிருந்த காற்று சில குமிழிகளாக வந்து நின்றுவிடும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால்தான் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைகிறது என்று சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஆயிலையும் பாருங்கள். வெளிறிய குழம்புபோல் மாறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. மூடி 1 பார் அழுத்தத்தைத் தாங்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் நீராவியாக முகத்தில் பாயும். எனக்குத் தெரிந்த ஒருவருடைய கழுத்தில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

இப்போது கேள்விகள். 2000 சுற்றில் பின்புறக் குழாயிலிருந்து தண்ணீர் எப்படி வருகிறது? சூடாவதற்கு முன் முழு வேகத்தில் 3000 சுற்றைத் தொடுகிறதா? கழற்றிய பழைய இம்பெல்லர் கையில் இருக்கிறதா? அதில் எத்தனை இதழ்கள் மிச்சம்?

சுக்கான் எழுதியது:

தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். நான் இரண்டு பருவங்களாக அப்படித்தான் ஓட்டுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை.

நங்கூரம் எழுதியது:

சுக்கான், உங்கள் எஞ்சினில் அது ஒத்துப்போயிருக்கலாம். எல்லா எஞ்சினிலும் போகாது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் வெப்பமாற்றிக்குப் போகும் வழியைத் திறக்கிறது. அதே அசைவில் பக்கவழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் பக்கவழி திறந்தே கிடக்கும். கூலன்ட்டில் ஒரு பங்கு வெப்பமாற்றிப் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடும்.

தெர்மோஸ்டாட்டின் மேல் சந்தேகம் இருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர், ஒரு வெப்பமானி, அடுப்பு போதும். நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், அடியைத் தொடக் கூடாது. எந்த டிகிரியில் திறக்கத் தொடங்குகிறது, எவ்வளவு திறக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். புதியதையும் மாட்டுவதற்கு முன் இப்படிப் பார்த்துவிடுவது என் வழக்கம். பெட்டியிலிருந்து எடுத்த புதியது ஒன்று எனக்குத் திறக்கவே இல்லை.

வெள்ளலை எழுதியது:

அத்தனை பேருக்கும் நன்றி. இன்று காலை பார்த்தவை:

குமிழி சோதனையில் ஏழெட்டுக் குமிழிகள் வந்தன, பிறகு அமைதி. ஆயில் சுத்தம். கூலன்ட் அளவும் குறையவில்லை.

3000-ஐத் தொடுகிறது. படகின் அடிப்பகுதியை இரண்டு மாதம் முன்புதான் சுரண்டிச் சுத்தம் செய்தேன். புரொப்பெல்லரில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டுயிர்) இல்லை.

பின்புறம் தண்ணீர் வருகிறது. போதுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் ஆவியும் கலந்து வருகிறது, குளிர்ந்த காலை என்பதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய இம்பெல்லரைக் கருவிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆறு இதழ்கள் கொண்டது. மூன்று அடியோடு முறிந்திருக்கின்றன. அதைப் பார்த்ததும் குற்றவாளி கிடைத்துவிட்டது என்று புதியதை மாட்டிவிட்டேன்.

ஆழ்நீர் எழுதியது:

முறிந்த மூன்று இதழ்கள் எங்கே?

வெள்ளலை எழுதியது:

பம்பின் உள்ளே இல்லை. வேறெங்கும் தேடவில்லை.

ஆழ்நீர் எழுதியது:

அப்படியானால் அவை தண்ணீர் போன வழியிலேயே போயிருக்கின்றன. வெப்பமாற்றியின் குழாய்கள் பென்சில் அளவுகூட இருக்காது, ரப்பர் துண்டு அதற்குள் நுழைய முடியாது. வாயிலில் போய் அடைத்துக்கொண்டு நிற்கும். பம்பைப் புதிதாக்கினாலும் அந்த அடைப்பு அங்கேயேதான் இருக்கும்.

ஆனால் நாளைக்கே வெப்பமாற்றியைக் கழற்றாதீர்கள். ஏற்கெனவே மூன்று பாகங்களை ஊகத்தில் மாற்றியாகிவிட்டது. நான்காவதை அளந்துவிட்டுத் தொடுவோம். ஒரு அகச்சிவப்பு வெப்பமானியும் அளவு தெரிந்த வாளியும் இருந்தால் போதும்.

வெப்பமானி பளபளக்கும் உலோகத்தில் பொய் சொல்லும். பித்தளையும் பெயின்ட் இல்லாத அலுமினியமும் 90 டிகிரியில் இருக்கும்போது அது 50 என்று காட்டலாம். அளக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒட்டி, அந்த டேப்பின்மேல் குறிவையுங்கள். இடங்கள் மூன்று: தெர்மோஸ்டாட் கூடு, கடல்நீர் வெப்பமாற்றிக்குள் நுழையும் இடம், வெளியேறும் இடம்.

படகைத் துறையில் முன்னும் பின்னும் இறுகக் கட்டுங்கள். கியர் போட்டு 2000 சுற்றில் பத்து நிமிடம் ஓட்டி மூன்று இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சுக்கானருகே ஒருவர் நிற்கட்டும். அதே வேகத்தில் பின்புறக் குழாய்க்கடியில் வாளியைப் பிடித்து, பத்து லிட்டர் நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். முகத்தைப் புகைக்கு எதிரே வைக்காதீர்கள். எஞ்சின் கையேட்டில் பம்ப் எந்த வேகத்தில் எத்தனை லிட்டர் தள்ள வேண்டும் என்று இருக்கும், அதையும் எழுதுங்கள்.

பாய்மரம் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் பழைய எஞ்சினில் கூலன்ட்டே கிடையாது, கடல்நீரே நேராக எஞ்சினுக்குள் சுற்றுகிறது. முள் 60 டிகிரிக்கு மேல் போவதில்லை. டீசல் 80-க்கு மேல் ஓடினால்தான் நன்றாக எரியும் என்கிறார்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட் போடலாமா?

நங்கூரம் எழுதியது:

போடாதீர்கள். கடல்நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்புகள் வெளியே வந்து சுவரில் படியும். அதனால்தான் அந்த வகை எஞ்சினுக்கு 60 டிகிரியை ஒட்டித் திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கொடுக்கிறார்கள். 82 போட்டால் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழி கல்லாக இறுகும். அதைச் சுத்தம் செய்வது பெரும்பாடு.

வெள்ளலை எழுதியது:

அளந்துவிட்டேன். தெர்மோஸ்டாட் கூடு 94, அப்போது டாஷ்போர்டு முள் 96. கடல்நீர் நுழையும் இடம் 29, வெளியேறும் இடம் 55. பத்து லிட்டர் வாளி நிறைய 50 விநாடி. கையேட்டின்படி இந்த வேகத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் வர வேண்டும்.

எண்ணைப் பார்த்ததும் எனக்கே புரிந்தது. 40 இருக்க வேண்டிய இடத்தில் 12.

ஆழ்நீர் எழுதியது:

அருமையான வேலை. இந்த எண்கள் சொல்வதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதே தொல்லையோடு வரும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில், முள் பொய் சொல்லவில்லை. இதை எப்போதும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். பல மீட்டர்களில் சென்சார் ஒயர் எங்காவது உரசி எஞ்சின் உடலைத் தொட்டாலே முள் சிவப்புக்குப் பாய்ந்துவிடும், எஞ்சின் குளிர்ந்தே இருக்கும். இதற்கு நேர்மாறான பொய் இன்னும் ஆபத்தானது. கூலன்ட் வடிந்து சென்சார் காற்றில் நின்றால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதுகூட முள் கீழே இருக்கலாம்.

இரண்டாவது, அந்த 29-ம் 55-ம். 26 டிகிரி வித்தியாசம். அந்த வேகத்தில் உங்கள் எஞ்சின் கூலன்ட்டுக்கு ஏறக்குறைய 20 கிலோவாட் வெப்பம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 40 லிட்டர் கடல்நீர் ஓடினால் அது 7 டிகிரிதான் சூடாக வேண்டும். 26 டிகிரி சூடாகிறது என்றால் கணக்குப்படி 11 லிட்டர் சொச்சம்தான் ஓடுகிறது. வாளி 12 என்கிறது. இரண்டு வெவ்வேறு வழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன.

வித்தியாசம் 7, 8 டிகிரிதான், ஆனாலும் கூலன்ட் 96 என்று வந்திருந்தால் கதை வேறு. தண்ணீர் போதுமான அளவு ஓடுகிறது, வெப்பம் மட்டும் குழாய்ச் சுவரைத் தாண்ட முடியவில்லை. உள்ளே படிவு என்று பொருள். அப்போது பம்பையும் வடிகட்டியையும் நோண்டுவது வீண் வேலை.

இனிக் கேட்க வேண்டியது ஒன்றுதான். தடை பம்புக்கு முன்னாலா, பின்னாலா? பம்பிலிருந்து வெளியேறும் ஹோஸைக் கழற்றி, அங்கே ஒரு தற்காலிக ஹோஸை மாட்டி நேராக வாளிக்குள் விடுங்கள். 2000 சுற்றில் கியர் போடாமல் அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். புகைக்குழாய்க்குத் தண்ணீர் போகாது, ரப்பர் ஹோஸ் வெந்துவிடும்; அதனால் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நங்கூரம் எழுதியது:

ஆழ்நீர் சொன்ன சோதனையில் தண்ணீர் குறைவாக வந்தால் பார்க்க வேண்டியவற்றை நான் சொல்கிறேன், இவற்றில் ஒவ்வொன்றிலும் பட்டிருக்கிறேன்.

வடிகட்டியின் மூடி ஓ-ரிங். தண்ணீர் வெளியே சொட்டாது, ஆனால் பம்ப் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சும். வடிகட்டியைக் கழுவி மாட்டிய மறுநாளே சூடேறத் தொடங்கினால் இதுதான்.

உறிஞ்சும் பக்க ஹோஸ். வெளியே புதிதுபோல் இருக்கும், வேகம் கூடும்போது உள்ளே சப்பிப்போகும். எஞ்சின் ஓடும்போது பார்த்தால்தான் தெரியும்.

கடல் வால்வும் அதன் வாயும். பாசி, பிளாஸ்டிக் பை, கொட்டலசு. வால்வை மூடி ஹோஸைக் கழற்றி, நுனியை ஒரு பெரிய வாளித் தண்ணீரில் வைத்து ஓட்டிப் பாருங்கள். வாளியிலிருந்து நன்றாக உறிஞ்சி, கடலிலிருந்து உறிஞ்சவில்லை என்றால் அடைப்பு வால்விலோ வெளியிலோதான். திரும்ப மாட்டியதும் வால்வைத் திறக்க மறக்காதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இம்பெல்லரின் ரப்பருக்கும் நடுவிலிருக்கும் பித்தளைப் புஷ்ஷுக்கும் இடையே ஒட்டு விட்டுப்போகும். ஆறு இதழும் முழுசாக இருக்கும், கையால் சுற்றினால் சுற்றும். எஞ்சினில் பாரம் ஏறியதும் ஷாஃப்ட் மட்டும் சுழலும், ரப்பர் நின்றுவிடும். நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

வெள்ளலை எழுதியது:

பம்பிலிருந்து நேராக விட்டபோது பத்து லிட்டர் வாளி 15 விநாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 40. பம்பும் அதற்கு முன்னால் உள்ள வழியும் குறையில்லை. தடை பின்னால்தான்.

அதனால் இன்று மதியம் வெப்பமாற்றியைத் திறந்தேன். கடல்நீர் நுழையும் பக்கத்து மூடியில் இரண்டு போல்ட்கள்தான். மூடியை அசைத்ததும் கறுத்த தண்ணீர் வழிந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் தேன்கூடுபோல் வரிசையாகத் துளைகள். அதன் கீழ்ப்பாதி தெரியவே இல்லை. ஒரு ரப்பர் இதழ் குறுக்கே அப்பிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இன்னொன்று சாய்ந்து நிற்கிறது. இடுக்கெல்லாம் பாசி நாரும் சிப்பித் தூளும். நீண்ட மூக்குக் குறடால் முதல் இதழை இழுத்தபோது அதன் பின்புறத்தில் துளைகளின் வட்டம் வட்டமான தடம் அச்சுக் குத்தியதுபோல் பதிந்திருந்தது. எவ்வளவு காலமாக அங்கே அழுந்திக் கிடந்ததோ.

துத்தநாகப் பென்சில் (மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் துண்டு) கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்றே தெரியவில்லை. பித்தளை அடைப்பான் மட்டும்தான் மிச்சம். உடைந்த துத்தநாகக் கட்டி ஒன்று மூடியின் அடியில் கிடந்தது.

துளைகளுக்குள் வெள்ளைப் படிவும் இருக்கிறது. அமிலம் ஊற்றிக் கழுவலாமா?

சுக்கான் எழுதியது:

ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பத்து நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும்.

ஆழ்நீர் எழுதியது:

சுக்கான், தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். அவருடைய வெப்பமாற்றியின் கூடு அலுமினியமாக இருந்தால் அந்த அமிலம் படிவை விடக் கூட்டைத்தான் வேகமாகத் தின்னும். அதில் கிளம்பும் ஹைட்ரஜன் மூடிய எஞ்சின் அறையில் தேங்கினால் ஒரு தீப்பொறி போதும்.

வெள்ளலை, குழாய்க் கட்டு தனியாக வெளியே உருவும் வகையா என்று பாருங்கள். உருவினால் கூட்டைத் தொடாமல் கட்டை மட்டும் வீரியம் குறைந்த அமிலத்தில் ஊறவைக்கலாம். வினிகர் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஓர் இரவு ஆகும், ஆனால் செய்துவிடும். குமிழி அடங்கியதும் நிறையத் தண்ணீரில் அலசுங்கள். துளைகளில் மரக்குச்சியை விடுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். மாட்டுவதற்கு முன் அழுத்தம் கொடுத்துக் கசிவு பாருங்கள். சில நேரம் படிவுதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். ஓட்டை இருந்தால் கூலன்ட் சத்தமில்லாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும்; தொட்டி குறையும், எங்கும் ஈரமே தெரியாது.

வெள்ளலை எழுதியது:

குழாய்க் கட்டை உருவி, ஊறவைத்து, அலசி, அழுத்தம் பார்த்து மாட்டிவிட்டேன். கசிவு இல்லை. புதிய ஓ-ரிங்குகள், புதிய துத்தநாகம்.

வாளி இப்போது 22 விநாடி. அதாவது நிமிடத்துக்கு 27 லிட்டர். 2000-ல் 84 டிகிரியில் நிற்கிறது! ஆனால் 2600-ல் அரை மணி ஓட்டினால் 91 வரை மெல்ல ஏறுகிறது. இதோடு விட்டுவிடலாமா?

நங்கூரம் எழுதியது:

விடாதீர்கள். 40-ல் இன்னும் 13 லிட்டர் பாக்கி இருக்கிறது. அது எங்கோ தடுக்கப்படுகிறது, அடுத்த பருவத்தில் கூடும்.

புகையும் தண்ணீரும் கலக்கும் எல்போவைக் கழற்றுங்கள். டீசலில் அதிகம் மறக்கப்படும் பாகம் அதுதான். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் உப்பு, நடுவில் துரு. வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் அடித்து அழகாக இருக்கும். கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை: 2600-ல் ஓடும்போது எல்போவுக்கு அடுத்த ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடிய வேண்டும். சுரீரென்று சுட்டால் தண்ணீர் போதவில்லை.

ஓர் எச்சரிக்கை. இத்தனை வேலைக்குப் பிறகு எஞ்சின் உடனே பற்றாமல் போனால் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். எஞ்சின் பற்றாதபோதும் பம்ப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்றப் புகையின் வேகம் இருக்காது. சைலன்சர் நிறைந்து தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். பற்றும்வரை கடல் வால்வை மூடிவைத்து, பற்றியவுடன் திறந்துவிடுங்கள்.

வெள்ளலை எழுதியது:

ஹோஸ் சுட்டது. மூன்று விநாடிக்கு மேல் கை வைக்க முடியவில்லை.

எல்போவைக் கழற்றினேன். தண்ணீர் உள்ளே வரும் துவாரத்தில் சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். என் மகனின் பென்சில்கூடச் சிக்கித்தான் நுழைந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டியதும் துரு அடை அடையாகப் பெயர்ந்தது, ஓரிடத்தில் உலோகம் காகிதம்போல் மெலிந்திருந்தது. சுத்தம் செய்து மாட்ட மனம் வரவில்லை, புதியது வாங்கிப் பொருத்திவிட்டேன்.

வாளி 17 விநாடி. நிமிடத்துக்கு 35. 2600-ல் ஒரு மணி நேரம் ஓட்டினேன், 83-ஐத் தாண்டவில்லை. கடல்நீர் வித்தியாசம் 11 டிகிரி.

பாய்மரம் எழுதியது:

வாழ்த்துகள். முதல் பதிவிலிருந்து ஒரே மூச்சில் படித்தேன். நாளை நானும் வாளியோடு இறங்குகிறேன்.

ஆழ்நீர் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, வெள்ளலை. இந்த எண்களை, சுற்று வேகத்தோடும் கடல்நீரின் வெப்பத்தோடும் சேர்த்து எஞ்சின் அறைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்த முறை முள் இரண்டு டிகிரி நகர்ந்தாலும் ஒப்பிட ஓர் அளவு இருக்கும். முடிந்தால் எல்போவுக்கு அடுத்த ஹோஸின்மேல் ஒரு வெப்ப அலாரமும் போடுங்கள். கடல்நீர் நின்றால் கூலன்ட் சூடாவதற்கு முன்பே அந்த ஹோஸ் சூடாகிவிடும். முகத்துவாரத்தில் அந்தச் சில நிமிடங்கள் பெரிய விஷயம்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூன்று இதழ்கள் முறிந்திருந்தன. வெப்பமாற்றியில் இரண்டுதானே கிடைத்தன?

வெள்ளலை எழுதியது:

எனக்கும் அது உறுத்தியது. இன்று பம்பிலிருந்து வெப்பமாற்றிக்குப் போகும் ஹோஸை மீண்டும் கழற்றி ஊதிப் பார்த்தேன், காலியாகவே இருந்தது. பிறகு அந்த ஹோஸ் போய் மாட்டும் பித்தளை முழங்கைக் குழாயைத் திருகிக் கழற்றினேன். வளைவுக்குள் மூன்றாவது இதழ் நெடுக்காகச் செருகி நின்றது. பாதி வழி திறந்திருந்ததால்தான் வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் தெரியவில்லை.

வாளி இப்போது 15 விநாடி.

பழைய இம்பெல்லரை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, மூன்று துண்டுகளையும் அதனதன் முறிவோடு சேர்த்துப் பார்த்தேன். மூன்றும் பொருந்துகின்றன.